சுகிர்தாவின் முழங்காலுக்காக

ஜூலை 3, புதன்

மிஷனெரி மாதம் பிறந்துவிட்டது. சேலம் அயினோன் பாப்டிஸ்ட் சபையில் ஜூலை என்றால் அதுதான். ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன் மிஷனெரி கமிட்டிச் செயலாளர் எழுந்து, ஊழியத்துக்காக ஜெபியுங்கள், கொடுங்கள் என்று சபையை உற்சாகப்படுத்த வேண்டும். செயலாளர் நான். கல்லூரியில் குறிப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் வரலாறு நடத்துகிறேன். இந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குத் தாள் தாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

மாலையில் பெண்கள் ஜெபக்கூட்டம். விண்ணப்பங்களை வாசித்தேன். ஜார்க்கண்டில் ஒரு மலைக்காட்டில் ஊழியம் செய்யும் கிதியோன், சுகிர்தா தம்பதியைத்தான் எங்கள் சபை பணம் அனுப்பித் தாங்குகிறது. அவர்கள் இங்கே வந்தது ஒரே ஒரு ஞாயிறு, நாலு வருடங்களுக்கு முன்பு. மற்றபடி ஜெப அட்டையில் உள்ள படம்தான் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் அது இருக்கிறது: மீசையோடு அவர், தடித்த பின்னலோடு கன்னம் உப்பிய அவர் மனைவி, நடுவில் ஒரு சின்னப் பெண்.

மலைப் பள்ளிக்கூடம், பாதை, கிணறு என்று வாசித்துக்கொண்டே வந்து, "சகோதரி சுகிர்தாவின் முழங்கால் வலி" என்றதும் ஞானப்பூ அம்மா தொண்டையைச் செருமினார். மூன்று வருடமாக முழங்கால் அவருடைய இலாகா. வேறு யாரும் அதைத் தொட முடியாது. "தகப்பனே, மலையேறி இறங்குற அந்தப் புள்ளையோட முட்டியில எண்ணெய் வாரு" என்று அவர் தொடங்கினால் அறையே நிமிர்ந்து உட்காரும்.

புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். மெலிந்த உடம்பு, கழுத்தோடு வெட்டிய முடி. கதவோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு அவள் ஆமென் தனியாகக் கேட்டது.

ஜூலை 7, ஞாயிறு

முதல் பேச்சு. ஜெபத்தைப் பற்றி. "நாம் போக முடியாத இடத்துக்கு நம் ஜெபம் போகும்" என்று சொன்னேன். நன்றாக இருந்தது என்று பலர் கையைப் பிடித்துச் சொன்னார்கள். எனக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. நான் அதை நம்புகிறேனா என்றும் தெரியவில்லை. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது.

மிஷனெரிகளுக்கான ஜெபத்தை முழங்கால்படியிட்டுத்தான் செய்வோம். ஜமக்காளத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் மடங்கியது. பின்னால் சுவரோரம் போட்டிருக்கும் வெள்ளை நாற்காலிகளில் வயதானவர்கள். அவர்கள் நடுவே அந்தப் புதுப்பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது.

ஆராதனை முடிந்ததும் ஞானப்பூ அம்மா விடவில்லை.

"ஏம்மா கண்ணு, அது வயசானவங்களுக்குப் போட்ட சேரு."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா? புதுசா வர்றவங்க ஊருல முழங்கால் போடுற பழக்கம் இல்லையோ?"

"இருக்குதுங்க" என்றாள் அவள். கூட்டத்தில் இருவர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். காணிக்கைப் பைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

மஸ்கட்டிலிருந்து கணவர் ஜெயகர் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை கூப்பிட்டார், வேலை அதிகம் என்றார்.

ஜூலை 10, புதன்

விண்ணப்பம் வாசிக்கும்போது, போன வாரம் போலவே, என் வார்த்தையாக ஒன்று சேர்த்தேன். "அங்கே இப்போது கொளுத்தும் வெயில். தண்ணீருக்கு அவர்கள் வெகுதூரம் நடக்கிறார்கள்."

"இல்லீங்க சிஸ்டர். மழை பிடிச்சிருக்கும். இப்ப தண்ணிக்குக் கஷ்டம் இல்ல, பாதைதான் வழுக்கும்." புதுப்பெண்தான். எல்லோரும் திரும்பினார்கள். "அந்தப் பக்கம் எல்லாம் அப்படித்தான்னு கேள்விப்பட்டேன்" என்று முணுமுணுத்தாள்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். மழைதான். நான் படித்தது போன ஏப்ரல் அறிக்கை. சின்ன விஷயம். ஆனாலும் ஒரு வாரமாக நாங்கள் ஒரு மலைக்கு இல்லாத வெயிலுக்காக ஜெபித்திருக்கிறோம். அந்த ஜெபமெல்லாம் எங்கே போயிருக்கும்?

இருபத்தேழாம் தேதி சங்கிலி ஜெபம். சூரியன் உதிப்பதிலிருந்து அடங்கும்வரை சபைக் கூடத்தின் பக்கத்து அறையில் ஒருவர் மாற்றி ஒருவர், ஆளுக்கு ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டால்தான் முதல் ஆள் எழலாம், சங்கிலி அறக்கூடாது. நேரம் கேட்டு எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் யாருக்கும் வேண்டாம், தூக்கம் வரும். ஒன்றிலிருந்து இரண்டு நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அடுத்ததைப் புதுப்பெண் கேட்டு வாங்கினாள்.

"பேரு?"

"பாப்பு அம்மான்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். இங்கே பாதிப் பேர் அப்படித்தான்.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டாவது பேச்சு, கொடுப்பதைப் பற்றி. தகர டப்பாக்களைக் கொடுத்தோம். தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி அதில் போட வேண்டும். மிஷனெரி ஞாயிறன்று எல்லா டப்பாவும் பீடத்தின் முன் வரும். அரிசி ஏலம் போய், மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடாகும். "நம் பசிக்கான சோற்றில் கொஞ்சத்தை எடுத்துக் கொடுக்கிறோம்" என்று பேசினேன்.

டீக்கன் எட்வின் ராஜதுரை மைக்கை வாங்கிக் கூடுதலாக ஒன்று சொன்னார். "நம்ம காசும் அரிசியும் களத்துக்குத்தான் போகுது. களத்துல நிக்கிறவங்களுக்கு மட்டும்தான். அது நம்ம சபைத் தீர்மானம்." கண்டிப்பான மனிதர், நேர்மையானவர். களத்தை, அதாவது ஊழியம் செய்யும் இடத்தை, விட்டு வந்தவர்களின் படத்தை அந்த வாரமே கூடத்துச் சுவரில் உள்ள மிஷனெரிகளின் கண்ணாடிப் பலகையிலிருந்து எடுத்துவிடுவோம். அந்தப் பலகையின் சாவி என்னிடம் இருக்கிறது.

பாப்பு அம்மா வரிசையில் நின்று டப்பா வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

ஒருத்திக்கு உலை வைக்கும் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்தால் பாத்திரத்தில் மிஞ்சுவது வேடிக்கையாக இருக்கிறது. இன்று தோசை ஊற்றிக்கொண்டேன். டப்பாவில் மட்டும் போட்டேன்.

ஜூலை 18, வியாழன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

கல்லூரி முடிந்து அம்மாபேட்டைக்குப் போனேன். பாப்பு அம்மாவிடம் செல்போன் எண் வாங்க மறந்திருந்தேன். சங்கிலி ஜெபத்துக்கு ஒரு நாள் முன்பு நினைவூட்ட எண் வேண்டும், அவ்வளவுதான். விசாரித்துப் போனால், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. அவள் அக்கா வீட்டின் ஒரு பகுதியாம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்கு மணி கோர்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து வாங்கிவந்து வீட்டில் செய்கிற வேலை.

"உக்காருங்க சிஸ்டர். எந்திரிக்க நேரமாகும், தப்பா நினைச்சுக்காதீங்க."

டீ போட்டுத் தர எழுந்தாள். எழுவதற்குக் கட்டில், சுவர், அலமாரி மூன்றும் தேவைப்பட்டன. நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த அவள் பெண், கட்டிலில் கிடந்த போனை எடுத்தாள். "அம்மா, அப்பா மிஸ்டு கால் குடுத்திருக்காரு பாரு. பாறை மேல ஏறி நிக்கிறாரு போல. சீக்கிரம் கூப்பிடு, சிக்னல் போயிரும்." சொல்லிக்கொண்டே அவளே எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"வேணாம் பாப்பு, ஆள் இருக்காங்க..."

அதற்குள் குரல் வந்துவிட்டது. "சுகி, மழை நிக்கவே இல்ல. முழங்கால் எப்படி இருக்கு?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் சபையில் ஒலிபெருக்கியில் போடுவோம். 'அன்பான அயினோன் குடும்பத்தாரே' என்று தொடங்கும் அதே குரல்.

அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள். போனைப் பிடுங்கிய அவசரத்தில் சிந்திய வெள்ளி மணிகளைப் பாப்பு பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். எதையாவது செய்ய வேண்டியிருந்தது.

"நீங்க..."

"ஆமாங்க. சுகிர்தா."

பின்னல் இருந்த இடத்தைப் பார்த்தேன். கன்னம் இருந்த இடத்தைப் பார்த்தேன். காய்ச்சலில் முடி கொட்டியதாம். பாதையில் வழுக்கி விழுந்து முட்டி விலகியதாம், அதன் மேலேயே மூன்று வருடம் நடந்தாளாம். போன வருடம் வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் யாரோடும் பேசவில்லையாம். "பேசக் கூடாதுன்னு இல்லீங்க. வார்த்தையே வரல. இவருதான் கொண்டாந்து அக்கா வீட்டுல விட்டுட்டுத் திரும்பிப் போனாரு. அங்க பள்ளிக்கூடத்துல நாப்பது புள்ளைங்க இருக்குதுங்க. ஒருத்தராவது நிக்கணுமில்ல?"

பிப்ரவரியிலிருந்து இங்கே இருக்கிறாள். அவர்களை மலைக்கு அனுப்பிய மிஷனெரி நிறுவனத்து அலுவலகத்துக்குத் தெரியும். வெளியில் சொல்ல வேண்டாம் என்று இவளே கேட்டுக்கொண்டாளாம்.

"எங்க சபைக்கு ஏன் வந்தீங்க? அதுவும் சொல்லாம?"

கொலுசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மலையில இருக்கறப்ப ஒவ்வொரு புதன்கிழமையும் சாயங்காலம் இவரு சொல்லுவாரு, சுகி, இந்நேரம் சேலத்துல உன் பேரைச் சொல்லிக்கிட்டிருப்பாங்கன்னு. அது நிஜமான்னு பார்க்கணும்னு தோணுச்சுங்க. வந்து கேட்டேன். நிஜமாத்தான் சொல்றீங்க." ஒரு மணியைக் கோர்த்துவிட்டு, "அந்தப் பாட்டியம்மா எப்படி ஜெபிக்கிறாங்க!" என்றாள்.

"சொல்லியிருந்தா உங்களை முன்னாடி உக்கார வெச்சிருப்பாங்களே."

"வெச்சிருப்பாங்க. அடுத்த வாரம் பலகையில இருந்து எடுத்திருப்பாங்க. அப்புறம் என் பேரை யாரு சொல்லுவா? இவரு அங்க தனியா நிக்கிறாரு, நீங்க நிறுத்திட்டா அவரும் பள்ளிக்கூடத்தை மூடிட்டு எறங்கி வரணும்." என் கையைப் பிடித்தாள். "மிஷனெரி ஞாயிறு முடியறவரைக்கும் சொல்லாதீங்க சிஸ்டர்."

சரி என்றேன். தெருவுக்கு வந்த பிறகுதான் எதற்குச் சரி என்றேன் என்று யோசித்தேன்.

ஜூலை 19, வெள்ளி

ஃபிரிட்ஜில் பால் எடுக்கப் போனவள் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்த பிறகுதான் அடுப்பில் ஏற்கெனவே பால் வைத்தது நினைவுக்கு வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

மூன்றாவது பேச்சு. "காட்டில் இருக்கும் அந்தக் குடும்பத்தை நினையுங்கள்" என்ற வரி தாளில் இருந்தது. அதற்கு வந்ததும் தண்ணீர் குடித்தேன். வரியைத் தாண்டி அடுத்ததைப் படித்தேன். யாரும் கவனிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருத்தி கவனித்தாள்.

முடிந்ததும் டீக்கன் எட்வின், "சிஸ்டர், புது ஜெப அட்டை அடிக்கணும். பழைய போட்டோவே போட்டுரலாமா, இல்ல புதுசு கேட்கலாமா?" என்றார்.

"பழசே இருக்கட்டும்ணே" என்றேன். அது பொய்யா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்டது படத்தைப் பற்றி. நான் சொன்னதும் படத்தைப் பற்றித்தான்.

எட்வின் அண்ணனின் மனைவி கேட்டாள், "ஜெயகர் அண்ணன் டிசம்பருக்கு வர்றாருங்களா?"

"பார்க்கணும்."

"உங்களுக்கு என்ன அக்கா குறை, கை நிறைய அனுப்பறாரு" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 24, புதன்

பெண்கள் ஜெபக்கூட்டம். முழங்காலை வாசிக்காமல் விட்டேன். விடுவார்களா?

"மலரு, முட்டியை உட்டுட்டியே" என்றார் ஞானப்பூ அம்மா.

"குணமாயிருக்கும்னு நினைச்சேன்மா."

"யாரு சொன்னா? எனக்கு ஒண்ணும் தெரிவிக்கலையே ஆண்டவர்!" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டார். தூரத்தில் இருக்கிற மகள், எங்கள் கண் காணாத மகள், அவள் காலடியைக் காக்க வேண்டும், அவள் எங்கே உட்கார்ந்தாலும் எழுந்தாலும் உன் கை அவளைத் தாங்க வேண்டும் என்று. அந்தக் காலடி அவர் பாயிலிருந்து ஒரு முழம் தள்ளி நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்த்தேன். சுகிர்தா இரண்டு கையாலும் முட்டியைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

கூட்டம் கலையும்போது ஞானப்பூ அம்மா என் காதில், "இந்தப் புதுப்பொண்ணு கல்லு மாதிரி சேர்ல உக்காந்திருந்தாலும் மனசு இளகினவதான் போல" என்றார்.

இந்த ஜெபம் கேட்கப்பட்டதா, கேட்கப்படவில்லையா? கேட்கப்பட வேண்டியவள் காதில் விழுந்தது. அதை என்னவென்று எழுதுவது?

ஜூலை 25, வியாழன்

சொல்லிவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் நான் ஒரு படத்துக்காக அரிசி கேட்கிறேன். பாஸ்டர் சாம்ராஜிடம் போகலாமா என்று கிளம்பி, வழியில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஜூலை 27, சனி

சங்கிலி ஜெபம்.

மதியம் போய் எனக்கு முந்தையவரின் தோளைத் தொட்டேன். அவர் எழுந்தார், நான் முழங்காலிட்டேன். பக்கத்து அறையில் ஒரு பாயைத் தவிர வேறொன்றும் இருக்காது, அதுதான் வழக்கம். கண்ணை மூடினேன். ஊறவைத்த உளுந்து நினைவுக்கு வந்தது. கல்லூரியில் திருத்தாத விடைத்தாள்கள். மின்கட்டணம். ஜெயகர் போனில் கடைசியாக என்ன கேட்டார் என்று யோசித்தேன். கேஸ் புத்தகம் எங்கே என்று கேட்டார்.

ஒவ்வொரு வருடமும் இதே அறையில் எனக்கு இப்படித்தான். வெளியே வந்ததும் "நல்ல ஐக்கியமா இருந்துச்சு" என்று சொல்வேன்.

நேரம் முடிவதற்குள் தோளில் கை பட்டது. சுகிர்தா. எழுந்து வழிவிட்டேன். அவள் பாயைப் பார்த்தாள். மடங்க முயன்றாள், முடியவில்லை. என் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

கூடத்துக்குப் போய் வெள்ளை நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தேன். அந்த அறைக்குள் நாற்காலி நுழைந்து நான் பார்த்ததில்லை. பாயின் மேலேயே போட்டேன். உட்கார்ந்தாள்.

"நாளைக்குச் சொல்லப் போறீங்களா?"

"தெரியல சுகிர்தா."

முதன்முறையாக அவளை அவள் பெயரால் கூப்பிட்டேன். அவள் முகம் மாறியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

ஜூலை 28, ஞாயிறு

மிஷனெரி ஞாயிறு. இரண்டு உடை மாற்றிப் பார்த்தேன், எதற்கென்று தெரியாது.

பீடத்தின் முன் டப்பாக்கள் நிரம்பி நின்றன. சுகிர்தாவும் தன் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். தன் சோற்றில் எடுத்த அரிசியைத் தன் கணவன் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். அதைச் சபையின் காணிக்கை என்று நான் அறிவித்தேன்.

பேச எழுந்தேன். தாள் கையில் இருந்தது. முதல் வரி, 'நாம் போக முடியாத இடத்துக்கு'. அதைப் படிக்கவில்லை.

"இந்த மாதம் முழுக்க ஜெபியுங்கள், கொடுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். தூரத்தில் இருப்பவர்களுக்காகக் கேட்டேன். தூரம் என்றால் எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியவில்லை. நாம் அனுப்பினவர்கள் களைத்துப்போய்த் திரும்பி வந்தால் அவர்களை என்ன பெயரால் கூப்பிடுவோம் என்றும் தெரியவில்லை. நம் பலகையில் அதற்கு இடம் இல்லை. இன்னும் ஜெபியுங்கள். இன்னும் கொடுங்கள். அதை மட்டும் என்னால் சந்தேகம் இல்லாமல் சொல்ல முடிகிறது."

இதற்கு மேல் வரவில்லை. எட்வின் அண்ணன் முகம் சுருங்கியிருந்தது. பாஸ்டர் எழுந்து, "மிஷனெரிகளுக்காக முழங்கால்படியிடுவோம்" என்றார்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. "பாஸ்டர், இன்னைக்கு எல்லோரும் உட்கார்ந்தே ஜெபிக்கலாமா?" என்றேன்.

பாதி மடங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். "இது என்ன புதுப் பழக்கம்?" ஞானப்பூ அம்மாவின் முணுமுணுப்பு கூடம் முழுக்கக் கேட்டது. பாஸ்டர் என்னைப் பார்த்தார். என்ன கண்டாரோ, தலையாட்டினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம் என்பது எங்கள் சபை முறை. யாரும் தொடங்கவில்லை.

பிறகு கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஆண்டவரே, பூல்மணிக்குக் காய்ச்சல் விட்டிருக்கணும். சுக்ரியோட ஆட்டை ஓநாய் தூக்கிட்டுப் போயிருச்சாம், அவ என்ன பண்ணுவா? பள்ளிக்கூடத்துக் கூரை இந்த மழைக்குத் தாங்கணும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் எங்களுக்குப் புரியாத ஒரு மொழிக்குப் போய்விட்டாள். பாடுவதுபோல ஏறி இறங்கும் மொழி. அவள் அழுகிறாளா பேசுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. மறுபடி தமிழுக்கு வந்தபோது, "கிதியோனைத் தனியா விட்டுட்டு வந்துட்டேன். என்னைக் கணக்குல இருந்து எடுத்துராதீங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவரை நாங்கள் நீர் என்போம், நீ என்போம்; 'எடுத்துராதீங்க' என்று அவரிடம் பேசுவதில்லை.

ஆமென் சொல்லும் முன்பே, "நீதானா அது?" என்றார் ஞானப்பூ அம்மா. ஜெபத்தின் நடுவே, சத்தமாக. "அந்த முட்டி... இதுதானா?"

அவர் கை நீண்டு சுகிர்தாவின் முழங்காலின் மேல் அமர்ந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் கண்ணை மூடவில்லை.

ஏலம் நடந்தது. சாப்பாடு நடந்தது. பிறகு அங்கத்தினர் கூட்டம். எங்கள் சபையில் எதுவானாலும் அங்கத்தினர்கள் கை தூக்கித்தான் முடிவாகும். சுகிர்தா அங்கத்தினர் இல்லை என்பதால் பாப்புவோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே தெரிந்தாள்.

எட்வின் அண்ணன் எழுந்தார். "அந்தச் சகோதரி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா களத்துல இருக்கிறவங்களுக்குத்தான்னு நாமே தீர்மானம் போட்டோம். இன்னைக்கு இவங்க, நாளைக்கு இன்னொருத்தர் வந்துட்டா? ஜனங்க கைப்பிடி அரிசி போடறது அங்க வேலை நடக்கத்தானே?" பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னமே தெரியுமா சிஸ்டர்?"

"பத்து நாளாத் தெரியும்ணே."

"பழைய போட்டோ போதும்னீங்களே."

"ஆமாண்ணே."

அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஞானப்பூ அம்மா அங்கத்தினர் கூட்டத்தில் வாயே திறந்ததில்லை. இன்று நாற்காலியைப் பிடித்து எழுந்தார்.

"தீர்மானம் எல்லாம் எனக்குப் புரியாது தம்பி. மூணு வருஷமா அந்த முழங்காலுக்காகக் கெஞ்சிட்டிருக்கேன். அது என் பக்கத்துச் சேர்ல வந்து உக்காந்திருக்குது. நான் அதைப் பார்த்து, எந்திரின்னு சொல்லியிருக்கேன்." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். "அவ பேரை நீங்க எடுத்தா எடுத்துக்குங்க. நான் ஆரம்பிச்சதைப் பாதியில நிறுத்த மாட்டேன்."

பாஸ்டர் இரண்டு பேர் பெயரும் பலகையில் இருக்கட்டுமா, தாங்குதல் தொடரட்டுமா என்று கேட்டார். கைகள் எழுந்தன. முதலில் பெண்கள் பக்கம், பிறகு ஒவ்வொன்றாக ஆண்கள் பக்கம். எட்வின் அண்ணனின் கை மடியிலேயே இருந்தது. "எனக்கு இன்னும் தெளிவில்ல, ஆனா எதிர்க்கல. அப்படியே எழுதிக்குங்க" என்றார். எழுதினேன். இந்த மாதத்தில் எனக்கு முழுதாகப் புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

"மலர் சிஸ்டர், உங்க கை?" என்றார் பாஸ்டர்.

நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததில் மறந்திருந்தேன். பேனாவோடு தூக்கினேன்.

வெளியே போய்ச் சொன்னதும் சுகிர்தா மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாப்புதான் கேட்டாள், "ஆன்ட்டி, அப்ப அட்டையில எந்தப் போட்டோ போடுவீங்க? எங்கம்மாவுக்கு இப்ப முடி இல்ல."

ஜூலை 29, திங்கள்

ஜெயகர் கூப்பிட்டார். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். லைன் சரியில்லை என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஜூலை 31, புதன்

பெண்கள் ஜெபக்கூட்டம். இந்த வாரம் எல்லோரும் சீக்கிரம் வந்துவிட்டார்கள். வெள்ளை நாற்காலி ஒன்று நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே போடப்பட்டிருந்தது. போட்டது யார் என்று கேட்கவில்லை.

ஞானப்பூ அம்மா ஒரு பாட்டிலில் நொச்சித் தைலம் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். "காலை நீட்டு கண்ணு. இத்தனை நாளா முகம் தெரியாம ஜெபிச்ச முட்டி, பக்கத்துல பார்ப்போம்" என்று சேலையை விலக்கி, வீங்கிய இடத்தில் விரலை வைத்தார். "அட, நான் வலது கால்னு நினைச்சு ஜெபிச்சிட்டிருந்தேன். இது இடதுல்ல?"

அறை குலுங்கிச் சிரித்தது. சுகிர்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அறிக்கைத் தாளை எடுக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க, எதுக்காக ஜெபிக்கணும்?" என்று அவளைக் கேட்டேன்.

"அவருக்குப் பருப்பு வேக வைக்கத் தெரியல சிஸ்டர். மலை மேல சீக்கிரம் வேகாது. நேத்தும் பச்சையாத்தான் சாப்பிட்டாராம்." இதற்கா என்று யாரும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன். பருப்பு. பிறகு அவளே, "தனியா இருக்கிறவங்க சரியாச் சாப்பிட மாட்டாங்க. கேட்டா சாப்பிட்டாச்சும்பாங்க. அதுக்கும் ஜெபிச்சுக்குங்க" என்றாள்.

ஞானப்பூ அம்மா தைலக் கையைத் துடைத்துக்கொண்டார். "வேற யாருக்காவது விண்ணப்பம் இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லிருங்க, ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்."

எல்லோரும் கண்ணை மூடத் தயாரானார்கள். ஆறு வருடமாக இந்த அறையில் மற்றவர்களின் விண்ணப்பங்களை வாசிக்கிறேன். பேனாவை மூடி வைத்தேன்.

"எனக்கு ஒண்ணு இருக்குதும்மா" என்றேன். "மஸ்கட்ல இருக்கிற அவருக்காக." நிறுத்திவிடத்தான் நினைத்தேன். "எனக்காகவும்."

ஞானப்பூ அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. தன் பாயை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.